அபிநயாவின் பெயரில்

விடியற்காலையில் எங்கள் முதல் வேலை கம்ப்யூட்டர் வேலை இல்லை, தவிடு தட்டும் வேலை. கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் சாலையோரம் இருக்கும் ஒரு ரைஸ் மில்லின் மாடிக் குடோனில்தான் எங்கள் கம்பெனி நடக்கிறது. கீழே நெல் அரைபட அரைபட, தவிட்டுத் தூசி மேலே ஏறிவந்து எங்கள் இயந்திரங்களின் மூக்கை அடைத்துவிடும். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பெயின்ட் அடிக்கிற பிரஷ்ஷால் உள்ளே இருக்கும் விசிறிகளைத் துடைத்து மூட வேண்டும். அதற்குள் கழுத்து, காது மடல் எல்லாம் அரிக்கத் தொடங்கும். பிறகு ஜெனரேட்டருக்கு டீசல். கேனைத் தோளில் சாய்த்துக்கொண்டு குறுகலான இரும்புப் படியில் ஏற வேண்டும். சுவரில் ஏ.சி. என்று ஒன்று தொங்குகிறது, அது செத்து ரொம்ப நாளாகிறது. இருக்கிற ஃபேன்கள் எல்லாம் இயந்திரங்களைப் பார்த்துத்தான் நிற்கும். தகரக் கூரைக்குக் கீழே மனிதர்கள் சூடானால் நின்றுபோவதில்லை என்பது முதலாளி செல்லமுத்துவின் கணக்கு.

வெளியே யாராவது கேட்டால், நாங்கள் பார்ப்பது ‘ஆட்டோமேஷன்’ வேலை. சர்வர் மென்பொருளைச் சோதிப்பது. எங்கெங்கோ இருந்து ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கதவைத் தட்டினால், ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி அனுப்பும் மென்பொருள் அது. சென்னைக் கம்பெனி ஒன்று அதைத் தயாரிக்கிறது. ராத்திரி அவர்கள் மாற்றியதை விடிவதற்குள் நாங்கள் இறக்கி, பொய்யாக ஆயிரம் பேரை உண்டாக்கித் தட்டவைத்து, அது தாங்குகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சோதனைகள் தானாகவே ஓடும் என்பார்கள். காலையில் பத்துப் பேரும் மதியத்துக்கு மேல் பத்துப் பேரும் கண் எரிய உட்கார்ந்து ஓட்டினால்தான் அது தானாக ஓடும். தேறிய சோதனை திரையில் பச்சையாக வரும், தேறாதது சிவப்பாக வரும்.

சிவப்பு நின்றால் அந்தப் பேட்ச் முழுவதற்கும் சம்பளத்தில் பிடித்தம் என்று போன பொங்கலுக்குப் பிறகு செல்லமுத்து ஒரு சட்டம் கொண்டுவந்தார். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. சிவப்பு வந்தால் மறுபடி ஓட்டுவது. மறுபடியும் சிவப்பு என்றால் இன்னொரு வாட்டி. எப்போதாவது ஒரு பச்சை விழுந்துவிட்டால் அதை எடுத்துவைத்துக்கொண்டு, முந்தைய சிவப்புகளுக்கெல்லாம் ‘சூழல் கோளாறு’ என்று டிக் அடித்துவிடுவது. அதாவது கோளாறு மென்பொருளில் இல்லை, எங்கள் கரண்டிலும் நெட்டிலும்தான் என்று அர்த்தம். நாங்கள் அதை ‘ஊர்க் கோளாறு’ என்போம்.

இதைப் பொய் என்று நினைத்துக்கொண்டு செய்தோம் என்றால்கூடப் பரவாயில்லை. நாங்கள் நம்பித்தான் செய்தோம். எங்கள் ஊரில் கரண்ட் போவது உண்மை, நெட் அறுவது உண்மை. மெட்ராஸில் ஓடுகிறது, கள்ளக்குறிச்சியில் ஓடவில்லை என்றால் கோளாறு யாரிடம் இருக்கும்? எது கெட்டாலும் நம்ம ஊர்தான் காரணம், நாமதான் காரணம் என்று நினைக்கப் பிறந்ததிலிருந்து பழக்கியிருக்கிறார்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ஒருத்தி மட்டும் நம்பவில்லை, அபிநயா. ஒரு குறிப்பிட்ட சோதனை அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. கதவைத் தட்டியவர் பாதியில் காணாமல் போய்விட்டால், அவருக்காகத் திறந்த கதவை மூடிவிட்டு சர்வர் அடுத்தவரைக் கவனிக்க வேண்டும். இது மூடுவதில்லை. திறந்தது திறந்தபடியே கிடக்கிறது. கொஞ்ச நேரத்தில் எல்லாக் கதவும் அப்படிக் கிடந்து, புதிதாக வருகிறவர்களுக்கு வழி இல்லாமல் போகிறது. கரண்ட் நிலையாக இருக்கிற நாளில்கூட இது சிவப்பாக வருகிறதே என்று அவள் செல்லமுத்துவிடம் போய்ச் சொன்னாள். ஊர்க் கோளாறு போடும்மா, கேள்வி கேக்கறதுக்கா சம்பளம் என்று அவர் அனுப்பிவிட்டார். எங்களிடமும் சொன்னாள். பிடித்தம் எல்லார் தலையிலும் விழும், விட்டுவிடு என்றோம்.

அபிநயாவுக்குக் கருணாபுரம், கள்ளச்சாராயத்தில் பல உயிர் போன இடம். அம்மா காசியம்மாள், நெல் ஏலம் போகும் கமிட்டியில் மூட்டைக்குச் சாக்குத் தைக்கிறவர். கம்பெனி தொடங்கியபோது முதலில் சேர்ந்தவள் அபிநயா. சென்னைக்காரர்கள் ஆளுக்கொரு லாகின் வாங்கச் சொல்லியிருந்தார்கள். செல்லமுத்து ஒன்றே ஒன்று வாங்கினார், அவள் பெயரில். அவள் போட்டோ, அவள் போன் நம்பர். தினமும் விடியற்காலையில் அவள் போனுக்கு ஒரு ஓடிபி வரும். அதைப் போட்டால்தான் எல்லா இயந்திரமும் திறக்கும். பிறகு ராத்திரி மூடும் வரைக்கும் இரண்டு பேட்சும் வேலை பார்ப்பது அவள் பெயரில்தான். நான் நைனார்பாளையத்து வீரமணி, என் அப்பா குத்தகை நிலத்தில் மரவள்ளி போடுகிறவர். ஆனால் அந்த மாடியில் நான் தட்டிய ஒவ்வொரு பட்டனையும் தட்டியது அபிநயா என்றுதான் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கம்ப்யூட்டர் கணக்கில் அவள் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. காய்ச்சல் என்றால் அவள் போன் மட்டும் வேலைக்கு வரும்.

சேர்ந்தபோதே எங்கள் எல்லாருடைய அசல் சான்றிதழ்களையும் செல்லமுத்து வாங்கித் தன் ஸ்டீல் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். வேறு வேலைக்குப் போக வேண்டுமானால் அந்த பீரோவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அந்த மென்பொருளின் புதுப் பதிப்பு வெளியே போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. வேறு ஏதோ மாநிலத்தில் பல கிளைகள் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரி அதை வாங்கியிருந்தது. ஒரு நாள் முற்பகல் முழுவதும் அவர்களுடைய சர்வர் எல்லாம் வாய் பிளந்து நின்றுவிட்டது. டயாலிசிஸுக்கு நேரம் குறித்திருந்தவர்கள் வாசலிலேயே காத்துக் கிடந்தார்களாம். எல்லாக் கதவும் திறந்தபடி கிடந்ததுதான் காரணம். யாருக்காவது உயிர் போனதா என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டால் சொல்ல யாரும் இல்லை. அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் விடியலில் நாங்கள் பிரஷ்ஷும் கையுமாக நிற்கும்போதே செல்லமுத்து வந்தார். அந்த நேரத்தில் அவரை நாங்கள் பார்த்ததே இல்லை. டைப் அடித்த ஒரு தாளை அபிநயாவின் மேஜையில் வைத்தார்.

“இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா.”

அபிநயா படித்தாள். சிவப்பாக வந்த முடிவுகளை என் சுயலாபத்துக்காக மறைத்து, பொய்யான காரணம் பதிவு செய்தேன், இது நிர்வாகத்துக்குத் தெரியாது என்று அதில் இருந்தது.

“நீங்கதானே சார் ஊர்க் கோளாறுனு போடச் சொன்னீங்க?”

“நான் சொன்னதுக்கு எங்க சாட்சி? கம்ப்யூட்டர்ல பாரு. ஓட்டினது அபிநயா. டிக் அடிச்சது அபிநயா. செல்லமுத்துன்னு எங்கனா இருக்குதா?”

“எல்லாரு கையும் பட்டுது சார் அதுல.”

“கை எத்தினி பட்டா இன்னா? பேரு ஒண்ணுதான் கீது.”

பிறகு அவர் குரலைத் தணித்துக்கொண்டு, பெரிய மனுஷர் மாதிரி பேசினார். கையெழுத்துப் போட்டால் வேலை போவதோடு முடியும். போடாவிட்டால் சென்னைக்காரன் போலீஸுக்குப் போவான். கம்பெனியையும் மூட வேண்டியதுதான், எல்லாருடைய பிழைப்பும் மண்ணாகும். சான்றிதழைப் பற்றி எல்லாம் அடங்கின பிறகு பார்க்கலாம். கடைசியாக, கருணாபுரத்துப் பொண்ணுன்னா ஸ்டேஷன்ல எப்டிப் பேசுவாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, என்றார்.

நாங்கள் கையில் இருந்த பிரஷ்ஷையே பார்த்துக்கொண்டு நின்றோம். என் அப்பாவின் மரவள்ளி அந்த வருஷம் மாவுப்பூச்சியில் போயிருந்தது. எலவனாசூர்கோட்டையிலிருந்து வரும் சந்தியாவுக்கு, வேலை போனால் அடுத்த மாதமே யாருக்காவது கழுத்தை நீட்ட வேண்டிய நிலைமை. வெள்ளிமலைக்கும் அப்பால் இருந்து வந்த அய்யப்பன்தான் அவர்கள் ஊரில் முதலில் காலேஜ் முடித்தவன். தோற்றுப்போய் மலை ஏற அவனால் முடியாது. எங்கள் எல்லாருக்கும் வாயை மூடிக்கொள்ள ஒரு நல்ல காரணம் இருந்தது. செல்லமுத்து எங்களைப் பொறுக்கி எடுத்ததே அதைப் பார்த்துத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அபிநயா பேனாவை எடுத்தாள். “மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆவாதுல்ல சார்?” என்று கேட்டாள். ஆவாது, நான் இருக்கேன், என்றார் அவர்.

அப்போது அவள் போன் மினுங்கியது. அன்றைய ஓடிபி. செல்லமுத்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“மொதல்ல அந்த நம்பரச் சொல்லிட்டு அப்புறம் கையெழுத்துப் போடு. மெட்ராஸ்ல காத்துகினு இருக்காங்க.”

அய்யப்பன் சிரித்துவிட்டான். கேலிச் சிரிப்புகூட இல்லை, அடக்கமாட்டாமல் வந்த சிரிப்பு. எப்போதும் தலையைக் குனிந்தே வேலை பார்க்கிறவன் அவன். எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம்.

“இன்னாடா சிரிப்பு?” என்றார் செல்லமுத்து.

“அவ பேர நாசம் பண்ற நேரத்துலயும் அவ பேருதான் சார் வேணும் ஒங்களுக்கு.” அய்யப்பன் அபிநயா பக்கம் திரும்பினான். “சொல்லாதம்மா. நம்பரச் சொல்லாத.”

என் நெஞ்சில் இருந்த பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அது இருந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் அதை மீறிக்கொண்டு என் குரல் வந்தது. “அந்த டிக்க நானுந்தான் சார் அடிச்சேன். அந்தப் பேப்பர்ல எம்பேரையும் எழுதுங்க,” என்றேன். எனக்குப் பின்னால் சந்தியா தன் பெயரைச் சொன்னாள். அப்புறம் ஒவ்வொருவராக. சிலர் அழுதுகொண்டே சொன்னார்கள். அபிநயா எங்களை ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். போனில் அந்த நம்பர் காலாவதியானது. இன்னொன்று வந்தது, அதுவும் போனது.

நாங்கள் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தத் தாளைக் கிழிக்க வேண்டும். நடந்தது நடந்தபடி சென்னைக்கு எழுத வேண்டும், எங்கள் எல்லார் பெயரும் அதில் இருக்க வேண்டும். ஆளுக்கொரு லாகின் வேண்டும், பீரோவில் இருப்பது எங்கள் கைக்கு வர வேண்டும். செல்லமுத்து கேட்டு முடித்தார்.

“மதிய பேட்ச் சுபஸ்ரீய இப்பவே வரச் சொல்றேன். லாகின்ல பேர மாத்த எத்தினி நேரம் ஆவும்? நீங்க கீழ எறங்குங்க. மதிய பேட்ச வெச்சே ரெண்டு ஷிப்டும் ஓட்டிக்கிறேன்.”

இரும்புப் படியில் ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம். மில் களத்தில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. புழுங்கல் நெல்லைப் பெண்கள் காலால் தள்ளிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். அவித்த நெல்லின் வாடை மூக்கில் ஏறியது. நாங்கள் படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். வேறு என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. சங்கம் கிங்கம் என்று எங்களுக்கு ஒன்றும் கிடையாது. களத்தில் இருந்த ஒரு அம்மா என்ன ஏது என்று கேட்காமலே ஒரு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

சந்தியாவின் அப்பாவுக்குச் செல்லமுத்து போன் போட்டிருப்பார் போலிருக்கிறது. அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. “வூட்டுல கொன்னுடுவாங்க,” என்றாள். எழுந்து கேட் வரைக்கும் போனாள். அவள் போய்விடுவாள் என்றுதான் நினைத்தோம், போனால் அவளைக் குறை சொல்லவும் எங்களுக்கு வாய் வந்திருக்காது. கேட்டருகே ரொம்ப நேரம் நின்று அழுதுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

எங்களைப் பிடித்து உலுக்கியது மதிய பேட்ச் பற்றிய நினைப்புதான். அவர்கள் எங்கள் நண்பர்கள் இல்லை. நாங்கள் விட்டுவைத்த சிவப்புக்கு அவர்களுக்குப் பிடித்தம் விழும், அவர்கள் விட்டுவைத்ததற்கு எங்களுக்கு விழும். உடையாத நாற்காலிக்காகக்கூட இரண்டு பேட்சும் சண்டை போட்டிருக்கிறோம். அவர்களில் சுபஸ்ரீதான் வாய்த்துடுக்கு. சின்னசேலத்துக்காரி. அண்ணனுக்கு ஆக்ஸிடெண்டில் கால் போனபிறகு, அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது. அவள் மேலே ஏறிப்போய்த் தன் போனை நீட்டினால், முற்பகலுக்குள் எல்லாம் பழையபடி ஓடும். எங்களை மறந்துவிடுவார்கள். அபிநயா மட்டும் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பாள்.

ஷேர் ஆட்டோக்கள் இரண்டு வந்து கேட்டருகே நின்றன. நேரத்துக்கு முன்பே வரவழைத்த மதிய பேட்ச் இறங்கியது. செல்லமுத்து மேல்படியில் வந்து நின்று, எங்களைப் பார்க்காமல், எங்கள் தலைக்கு மேலாகக் கூப்பிட்டார்.

“சுபா, போன எடுத்துக்கினு மேல வாம்மா. இன்னிலேருந்து நீதான் டீம் லீடர்.”

சுபஸ்ரீ நேராக வந்தாள். நாங்கள் வழி விடவும் இல்லை, மறிக்கவும் இல்லை. அவள் எங்களுக்கு நடுவே கால் வைத்து ஏறத் தொடங்கினாள். அபிநயா அவளைக் கெஞ்சவில்லை.

“போ சுபா. ஒன் வூட்டு நெலம எனக்குத் தெரியும். ஆனா ஒண்ணு மட்டும் கேட்டுக்கினு போ.”

சுபஸ்ரீ நின்றாள்.

“சாராயச் சாவு அப்ப எங்கப்பா செத்தார்ல. எங்க தெருவுல வரிசையாப் பாடை. எங்கப்பாவத் தூக்கற நேரம் பாத்து ஓடிபி வந்துச்சு. சார் போன் பண்ணினாரு. நான் செவுத்தோரமா போய் நின்னு நம்பர் படிச்சேன். மோளச் சத்தத்துல சரியாக் கேக்கலன்னு மறுபடியும் படிக்கச் சொன்னாரு. படிச்சேன். திரும்பிப் பாத்தா அப்பாவத் தெருமுன தாண்டித் தூக்கிக்கினு போய்ட்டாங்க.”

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு மாடியில் நாங்கள் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, இயந்திரம் திறக்கட்டும் என்று சலித்துக்கொண்டே காத்திருந்தோம். திறந்ததும் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினோம். அபிநயா சொல்லி முடித்தபோது எங்களில் யாராலும் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“ஏன் எங்ககிட்ட சொல்லல?” என்றாள் சுபஸ்ரீ.

“சொல்லி இன்னா ஆவும்? அன்னிக்கும் ஓட்டித்தானே ஆவணும். இப்ப ஒன் பேரக் கேக்கறாரு. ஒரு வாட்டி குடுத்துட்டா ஒன் வூட்டுல எது நடந்தாலும் நீ நம்பர் படிச்சிக்கினு நிக்கணும். நாளைக்கு எது கெட்டாலும் ஒன் தலையில கட்டுவாங்க.”

மேலே இருந்து செல்லமுத்து மறுபடி கூப்பிட்டார். நேரம் ஆவுது, அவங்க பேச்சக் கேட்டுக்கினு நிக்காத, அண்ணன நெனச்சிப் பாரு, என்றார். சுபஸ்ரீ தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அவள் கையில் போன் இருந்தது. அவள் அண்ணனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்று அவள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த நேரத்தில் அவள் ஏறியிருந்தால் நான் அவளைத் திட்டியிருக்கமாட்டேன், ஆனால் உடைந்துபோயிருப்பேன்.

“நாங்களுந்தான் அவ பேர்ல டிக் அடிச்சோம் சார்,” என்றாள். “அதுக்கும் சேத்து ஒரு பேப்பர் டைப் அடிங்க.”

பிறகு திரும்பி, அபிநயாவுக்குப் பக்கத்தில் இருந்த என் தோளைக் கையால் நெட்டினாள். “கொஞ்சம் தள்ளிக் குந்துங்கண்ணா.”

தள்ளி உட்கார்ந்தேன். அவளோடு வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கேட்டருகே நின்றார்கள். யாரோ ஆட்டோக்காரரைப் போகச் சொன்னார்கள். முதலில் இரண்டு பேர் வந்தார்கள், அப்புறம் மீதிப் பேர். படியில் இடம் பற்றவில்லை. நெல் தள்ளிய பெண்கள் களத்து ஓரத்தில் கொஞ்சம் நெல்லை ஒதுக்கி இடம் விட்டார்கள். சிமெண்டுத் தரை சுட்டது, அப்படியே உட்கார்ந்தார்கள்.

பீரோ பூட்டியபடிதான் இருந்தது. செல்லமுத்து யார் யாருக்கோ போன் போட்டுப் பார்த்தார். போலீஸ் வரும் என்றார், சின்னசேலத்திலும் உளுந்தூர்பேட்டையிலும் வேறு ஆளா கிடைக்காது என்றார். கிடைக்கலாம். நாளைக்கு அடுப்பு எரியுமா என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. கடைசியில் அவர் எங்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். சந்தியா, வீரமணி, அய்யப்பன். அத்தனை நாளில் எங்கள் பெயர்கள் எல்லாம் அவருக்குத் தெரியும் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. யார் பெயரைச் சொன்னபோதும் யாரும் எழுந்திருக்கவில்லை.